நெசவு நகரம் தன் பட்டாளத்தை வரவேற்கும் நாள்

இங்கிலாந்தின் வடமேற்கே, மான்செஸ்டர் மாநகருக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் வடக்கே, இர்வெல் ஆற்றங்கரையில் பெரி என்றொரு நகரம் உண்டு. பெயர் நம் செவிக்குப் பெரியதாக ஒலித்தாலும் ஊர் அவ்வளவு பெரிதன்று. ஆண்டுதோறும் ஏப்ரல் 25-ஆம் தேதியை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையன்று அந்நகரின் கடைவீதியில் முரசொலி கேட்கிறது. முன்னே பாண்டு வாத்தியம். பின்னே படைவீரர் அணி. அவர்களுக்குப் பின்னே மார்பில் பதக்கங்கள் அசைய, தொப்பியும் கோட்டும் அணிந்த முதியவர்கள். அவர்களையும் தொடர்ந்து சீருடையணிந்த சிறுவர் சிறுமியர். மேயர் தமது பதவிச் சங்கிலியை அணிந்து நின்று அவர்களுடைய வணக்கத்தை ஏற்றுக்கொள்கிறார். ஊர்வலம் தூய மரியன்னை ஆலயத்தில் சென்று முடிகிறது. இந்நாளை அவ்வூரார் கலிப்போலி ஞாயிறு என்று அழைக்கின்றனர்.

கைத்தறியும் கழனியும் பற்றிப் பேச வேண்டிய நம் இதழில் அந்நிய நாட்டுப் பட்டாளத்தின் அணிவகுப்புக்கு என்ன வேலை என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் பெரி நகரம் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. கிழக்கே சுமார் பத்துக் கிலோமீட்டர் சென்றால் ராச்டேல் வந்துவிடும். 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி தோடு சந்தில் ஒரு சிறு கடையைத் திறந்து, இன்று உலகெங்கும் உள்ள கூட்டுறவுச் சங்கங்களுக்கு வழிகாட்டிய 28 முன்னோடிகளின் ஊர் அது. அவர்களுள் பலர் கம்பளி நெசவாளர். அந்த ராச்டேலும், பெரியும், சால்போர்டும் சேர்ந்துதான் இக்கட்டுரையில் வரும் பட்டாளத்துக்கு ஆள் கொடுத்தன. அங்கே அணிவகுத்தவர்கள் தறியடியிலிருந்தும் நூற்பு ஆலையிலிருந்தும் எழுந்து சென்றவர்கள்.

இன்னொரு தொடர்பு இதனினும் நெருக்கமானது. நம் நெசவாளர் கயிற்றை இழுத்தவுடன் பாவின் குறுக்கே இப்புறமும் அப்புறமும் தானே ஓடும் நாடாவைக் கண்டுபிடித்த ஜான் கே, 1704-இல் பெரியை அடுத்த வால்மர்ஸ்லியில் பிறந்தவர். 1733-இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் அகலத் துணி நெய்ய இருவர் வேண்டும். ஒருவர் எறிய மற்றவர் பிடிப்பார். கேயின் நாடா வந்தபின் ஒருவரே போதும். இதனால் நெசவாளர் தம் பிழைப்புக்கு அஞ்சினர். துணி முதலாளிகளோ நாடாவை எடுத்துக்கொண்டு உரிமைத் தொகையைக் கொடுக்க மறுத்தனர். அதுமட்டுமன்று: கே வழக்குத் தொடுத்தால் ஆகும் செலவைப் பகிர்ந்துகொள்ளத் தமக்குள் ஒரு நாடாச் சங்கமே வைத்துக்கொண்டார்கள்! சங்கம் சேர்வது எப்போதும் நற்காரியத்துக்கே என்று எண்ணிவிட வேண்டாம். மனம் வெதும்பிய கே 1747-இல் பிரான்சுக்குச் சென்றார், அந்நாட்டிலேயே காலமானார். இன்று பெரியின் நடுவே கே பூங்கா என்ற பெயரில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் போன்றோர் குழித்தறிகளில் புகுத்த முயன்றதும் இந்த நாடாவையே.

இனி அணிவகுப்புக்கு வருவோம்.

இங்கிலாந்தில் நகரங்கள் படைப்பிரிவுகளுக்கு அளிக்கும் கௌரவத்துக்கு நகர உரிமை என்று பெயர். பழங்காலத்தில் மதிலும் வாயிலும் உடைய நகரங்கள் ஆயுதமேந்திய படையை உள்ளே விட அஞ்சின. மன்னனின் படையேயாயினும் அச்சம் அச்சந்தான். சோற்றுக்கும் தங்கலுக்கும் குடிமக்கள் வீட்டுக் கதவைத் தட்டும் கூட்டமல்லவா? ஆகவே, நகரத் தலைவரின் அனுமதியின்றிக் கொடியை விரித்து, முரசறைந்து, துப்பாக்கி முனையில் கத்தி செருகி எந்தப் படையும் நகருக்குள் நடக்கலாகாது என்ற வழக்கம் லண்டன் மாநகரில் வேரூன்றியது. அவ்வாறு நடக்கலாம் என்று ஒரு படைக்கு நிரந்தர அனுமதி தருவது, உங்களைக் கண்டு நாங்கள் அஞ்சவில்லை, நீங்கள் எங்களவர் என்று அறிவிப்பதாகும். இந்தப் பழைய வழக்கத்தைத்தான் தொழில் நகரங்கள் தம் கையில் எடுத்துக்கொண்டன. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதன் பின்னரும் நாடெங்கும் இது பரவிற்று.

சட்டப்படி இதற்கு ஒரு முறை உண்டு. 1885-ஆம் ஆண்டுச் சட்டம் நகரசபைகளுக்குக் கௌரவ உரிமையாளரைச் சேர்க்கும் அதிகாரத்தை வழங்கியது. இப்போது நடப்பில் உள்ள 1972-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின்படி, அதற்கெனத் தனியே கூட்டப்பட்ட கூட்டத்தில், வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் மட்டுமே ஒருவரைக் கௌரவ உரிமையாளராகச் சேர்க்க இயலும். சாதாரணப் பெரும்பான்மை போதாது. நம் சங்கங்களில் துணைவிதி திருத்தத்துக்கு என்ன கண்டிப்போ அதே கண்டிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். தீர்மானம் நிறைவேறியபின் அழகிய எழுத்தில் எழுதிய ஓலை போன்ற பத்திரமொன்றை ஒரு பேழையில் இட்டு, ரெஜிமெண்டின் தலைவரிடம் மேயர் கொடுப்பார். அதன் பின்னரே முதல் அணிவகுப்பு. இவ்வுரிமையால் வரியில் சலுகையில்லை, நிலமில்லை, வருமானமில்லை. வீதியில் நடக்கும் உரிமை ஒன்றுதான். அந்த ஒன்றுக்காகச் சிப்பாய்கள் காலணியைக் கண்ணாடிபோலத் துடைத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

பெரி நகரம் இவ்வாறு கௌரவித்த படை லங்காஷயர் ஃபியூசிலியர் ரெஜிமெண்டு. ஃபியூசில் என்பது பழைய இலகு ரகத் துப்பாக்கியின் பெயர். அதை ஏந்தியவர் ஃபியூசிலியர். ஆனால் இப்படை பிறந்தது லங்காஷயரில் அன்று. 1688-இல் நாட்டின் தென்மேற்குக் கோடியிலுள்ள டோர்பேயில் சர் ராபர்ட் பேட்டன் என்பவர் அதைத் திரட்டினார். நெடுங்காலம் 20-ஆம் காலாட்படை என்ற எண்ணே அதற்குப் பெயர். கிழக்கு டெவன்ஷயர் என்ற அடைமொழியும் இருந்தது. 1759 ஆகஸ்ட் முதல் தேதி ஜெர்மனியின் மிண்டன் போர்க்களத்தில், குதிரைப்படையை எதிர்த்துக் காலாட்படை முன்னேறிய அதிசயத்தில் அதற்குப் பங்குண்டு. அந்நினைவாக ஆகஸ்ட் முதல் நாளில் அதன் வீரர் தொப்பியில் ரோஜா மலர் அணிவது வழக்கமாயிற்று. செயிண்ட் ஹெலினாத் தீவில் நெப்போலியனைக் காவல் காத்ததும், 1821-இல் அவருடைய சவப்பெட்டியைத் தோளில் சுமந்ததும் இப்படையினரே.

1873-இல்தான் இதன் தலைமைக் கூடாரம் பெரியிலுள்ள வெல்லிங்டன் படைமுகாமுக்கு வந்தது. ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் ஒரு மாவட்டத்தை ஒதுக்கி, அங்கிருந்தே ஆள் சேர்க்க வேண்டும் என்று அரசாங்கம் வகுத்த திட்டத்தின் விளைவு அது. 1881-இல் லங்காஷயர் ஃபியூசிலியர் என்ற பெயரும் கிடைத்தது. ஆக, ஊருக்கும் படைக்கும் உள்ள உறவை முதலில் உண்டாக்கியது ஓர் அலுவலக உத்தரவேயாகும். காகிதத்தில் பிறந்த உறவு இரத்த உறவாவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளே ஆயின.

அதற்குக் காரணம் பகுதிநேரச் சிப்பாய்கள். பிரதேசப் படை என்ற பெயரில் பெரியில் ஒரு பட்டாளம், ராச்டேலில் ஒரு பட்டாளம், சால்போர்டில் இரண்டு என்று அமைந்திருந்தன. பகலில் ஆலையில் வேலை. மாலையில் பயிற்சிக் கொட்டகையில் கவாத்து. லங்காஷயர் ஆலைகளில் ஆண்டுக்கொருமுறை ஊர்த் திருவிழாவையொட்டி எல்லா இயந்திரங்களையும் நிறுத்தி விடுமுறை விடுவார்கள். பஞ்சுத் தூசியிலிருந்து விடுதலை கிடைக்கும் அந்தச் சில நாட்களைப் படை முகாமில் கழித்த இளைஞர் ஏராளம். திறந்த வெளி, கூடாரம், வயிறாரச் சோறு, கையில் சிறிது பணம் என்றால் இருபது வயதுத் தொழிலாளிக்கு அது உல்லாசப் பயணம் போலத்தான் இருந்திருக்கும். போர் வந்தாலும் தம் சம்மதமின்றிக் கடல் கடந்து அனுப்பமாட்டார்கள் என்ற உறுதியும் அவர்களுக்கு இருந்தது.

1914 ஆகஸ்டில் போர் வந்தது. சம்மதம் கேட்டார்கள், பெரும்பாலோர் கொடுத்தார்கள். அடுத்த மாதமே கிழக்கு லங்காஷயர் டிவிஷன் எகிப்துக்குக் கப்பலேறியது. வெளிநாடு சென்ற முதல் பிரதேசப் படை டிவிஷன் அதுவே.

இதற்கிடையில், ரெஜிமெண்டின் நிரந்தரப் படையான முதற்பட்டாளம் கராச்சியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டது. 1915 ஏப்ரல் 25-ஆம் தேதி விடியற்காலையில், துருக்கியின் கலிப்போலித் தீபகற்பத்து முனையில், வரைபடத்தில் 'டபிள்யூ' என்று குறிக்கப்பட்ட ஒரு சிறு கடற்கரையில் அவர்கள் இறக்கப்பட்டனர். யூரியாலஸ் என்ற போர்க்கப்பலிலிருந்து படகுகளில் ஏறி, கரையை நெருங்கியதும் துடுப்புப் போட்டு வந்தார்கள். மணற்கரை குறுகியது, இருபுறமும் மேடு. கரையோரமாக முள்கம்பி வேலி, நீருக்கடியிலும் கம்பி. மேட்டிலிருந்த துருக்கி வீரர் எண்ணிக்கையில் மிகக் குறைவு. எனினும் படகுகள் மிக அருகில் வரும்வரை ஓசையின்றிக் காத்திருந்து, பின்னரே சுட்டார்கள். இடுப்பளவு நீரில் முதுகுச் சுமையுடன் குதித்தவர்கள் கம்பியில் சிக்கி அங்கேயே மாண்டனர். ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட பட்டாளத்தில் அன்று மட்டும் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தோ காயமுற்றோ வீழ்ந்தனர். ஆயினும் கரை கைப்பற்றப்பட்டது. அவ்விடத்துக்கு அன்றுமுதல் லங்காஷயர் இறங்குதுறை என்று பெயர்.

அதே காலையில், சற்றுத் தூரத்திலிருந்த மற்றொரு கரையில் டப்ளின் ஃபியூசிலியர் படையின் முதற்பட்டாளம் இதனினும் கொடிய அழிவைச் சந்தித்தது. அது கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் வைத்திருந்த ஐரோப்பியப் படையின் வழித்தோன்றல். முன்பு மதராஸ் ஃபியூசிலியர் என்றே அழைக்கப்பட்டது. துருக்கியர் பக்கத்தையும் மறக்கக் கூடாது. அவர்கள் காத்து நின்றது தம் சொந்த மண். அப்போர் முழுவதிலும் அவர்களுடைய உயிரிழப்பே அதிகம்.

கூட்டுறவு அங்கத்தினர் கட்டாயம் அறிய வேண்டிய ஒரு செய்தி இங்கே உண்டு. அன்று காட்டிய வீரத்துக்காக அப்பட்டாளத்தில் ஆறு பேருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. காலைச் சிற்றுண்டிக்கு முன்பே ஆறு என்று லங்காஷயரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஆறு பேரைத் தேர்ந்தது தளபதியன்று. உடனிருந்த வீரர்களின் வாக்கு. எல்லோரும் ஒருங்கே துணிந்த இடத்தில் யாருக்குப் பதக்கம் என்று மேலதிகாரி முடிவுசெய்ய இயலாதபோது, அதிகாரிகள் தமக்குள்ளும், ஹவில்தார் நிலையினர் தமக்குள்ளும், சிப்பாய்கள் தமக்குள்ளும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று பதக்க விதியிலேயே இடமுண்டு. அரசாங்கம் முதலில் ஆறு பேர் என்றதும் தயங்கியது. 1915 ஆகஸ்டில் மூவருக்கு மட்டும் அளித்தது: கேப்டன் ரிச்சர்ட் வில்லிஸ், சார்ஜெண்ட் ஆல்பிரட் ரிச்சர்ட்ஸ், சிப்பாய் வில்லியம் கெனீலி. இவர்கள் தோழர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்று அரசிதழே அறிவித்தது. எஞ்சிய மூவரான கேப்டன் கத்பர்ட் பிராம்லி, சார்ஜெண்ட் பிராங்க் ஸ்டப்ஸ், கார்ப்பொரல் ஜான் கிரிம்ஷா ஆகியோருக்கு 1917 மார்ச்சில்தான் கிடைத்தது.

அதற்குள் என்ன ஆயிற்று? ஸ்டப்ஸ் அந்த ஏப்ரல் காலையிலேயே உயிர் துறந்திருந்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாயிருந்து படையில் சேர்ந்த கெனீலி, ஜூன் மாத இறுதியில் காயமுற்று இறந்தார். தமக்குப் பதக்கம் கிடைத்ததை அவர் அறியவில்லை. பிராம்லி ஆகஸ்டில், கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது கடலில் மாண்டார். ரிச்சர்ட்ஸ் ஒரு காலை இழந்தார். கிரிம்ஷா ஒருவர்தான் 1980 வரை வாழ்ந்திருந்தார். வாக்களித்தவர்களுள் எத்தனை பேர் அடுத்த ஆண்டின் சித்திரையைக் கண்டார்கள் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

மே மாதம் பெரியிலிருந்தும் ராச்டேலிலிருந்தும் வந்த நெசவாளர் பட்டாளங்கள் அதே முனையில் இறங்கின. ஜூன் 4-ஆம் தேதி கிரித்தியா என்ற கிராமத்தை நோக்கி அந்த லங்காஷயர் டிவிஷன் பாய்ந்தது. அன்றே, அதே களத்தின் மறுகோடியில், நம் நாட்டின் 14-ஆம் சீக்கியப் பட்டாளம் தன் வீரரில் பெரும்பகுதியினரை இழந்தது. பஞ்சாபின் கழனிகளிலிருந்து வந்தவரும் லங்காஷயரின் தறியிலிருந்து வந்தவரும் ஒரே வெயிலில் ஒரே நாளில் வீழ்ந்தார்கள். கிராமம் பிடிபடவில்லை. 1916 ஜனவரியில் படைகள் இரவோடிரவாகத் தீபகற்பத்தைக் காலிசெய்து வந்துவிட்டன. அத்தனை உயிருக்கும் ஈடாக ஒரு சாண் நிலமும் மிஞ்சவில்லை.

ஓர் ஊரார் ஒரே அணியில் சேர்வதன் பலமும் ஆபத்தும் அப்போதுதான் தெரிந்தன. ஒரே ஆலையில் வேலை, ஒரே தெருவில் குடியிருப்பு, ஒரே கூட்டுறவுக் கடையில் மாவும் சர்க்கரையும் வாங்கிய பழக்கம். இத்தகையோர் ஒருவரையொருவர் விட்டு ஓடமாட்டார்கள் என்று படைத்தலைவர்கள் கணக்கிட்டனர், கணக்குத் தப்பவில்லை. ஆனால் ஓடாதவர்கள் ஒன்றாகவே மடிந்தார்கள். தோழர் பட்டாளங்கள் என்று ஊர்தோறும் திரட்டிய படைகளில் இது உச்சத்தை அடைந்தது. 1916 ஜூலை முதல் தேதி, பிரான்சின் சோம் ஆற்றுப் போரில், அக்ரிங்டன் என்னும் மற்றொரு லங்காஷயர் நெசவு நகரத்தின் தோழர் பட்டாளத்தில் தாக்குதலில் இறங்கிய சுமார் 720 பேரில் 584 பேர் இறந்தோ காயமுற்றோ காணாமற்போனோ பட்டியலேறினர். அவர்களுள் சிலர் 1914-இல் ஹோவர்ட் அண்டு புல்லோ இயந்திரத் தொழிற்சாலையில் நடந்த கதவடைப்பால் வருமானமின்றிச் சேர்ந்தவர்கள். பசிக்காகச் சேர்ந்தவனா, நாட்டுக்காகச் சேர்ந்தவனா என்று துப்பாக்கிக் குண்டு பார்ப்பதில்லை. அதே நாளில் சால்போர்டின் தோழர் பட்டாளங்களும் தியெப்வால் அருகே சிதைந்தன. அவை லங்காஷயர் ஃபியூசிலியரைச் சேர்ந்தவை.

போர் முடிந்து கணக்கெடுத்தபோது ரெஜிமெண்டில் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டிருந்தனர். 1922 ஏப்ரல் 25-ஆம் தேதி, கரையிறங்கிய ஏழாம் ஆண்டு நிறைவன்று, வெல்லிங்டன் முகாமின் முன்னே நினைவுத் தூண் திறந்துவைக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் புதுதில்லியை வடிவமைத்த சர் எட்வின் லட்யன்ஸ். அவருடைய தந்தையார் இந்த ரெஜிமெண்டில் பணியாற்றியவர். வெண்கல்லாலான உயர்ந்த சதுரத் தூண். ஆர்ப்பாட்டமான சிலை ஏதுமில்லை. ஆண்டுதோறும் மக்கள் அங்கே கூடத் தொடங்கினர். அணிவகுப்பின் வேர் அந்தக் கூட்டத்தில் இருக்கிறது. நகர உரிமைப் பத்திரமும் பேழையும் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை.

இத்தகைய விழாக்களைப் பற்றி மாற்றுக் கருத்தும் உண்டு. அது பெரியிலேயே உண்டு. அவ்வூரில் வளர்ந்த எழுத்தாளர் ஜெஃப்ரி மூர்ஹவுஸ் 1992-இல் தம் நகரத்தையும் கலிப்போலியையும் பற்றித் தனி நூலே எழுதினார். பாண்டு வாத்தியத்துக்கும் பதக்கக் கதைகளுக்கும் கீழே ஊமையாகக் கிடந்த துயரத்தை அவர் தோண்டிப் பார்த்தார். ஆறு பதக்கங்களைப் பாடும் ஊர், அத்தகைய இடத்தில் ஆட்களை இறக்கிய மேலிடத்தின் பிழையை உரக்கக் கேட்டதா என்ற வினா நேர்மையானது. மகனை இழந்த தாய் வீதியோரம் நின்று பிறர் மகன்கள் நடப்பதைப் பார்க்கும்போது அவளுக்குப் பெருமிதம் முந்துமா, வேதனை முந்துமா? இதற்கு ஊர் முழுமைக்கும் ஒரே விடை இராது. எம் கருத்தைக் கேட்டால், வருத்தத்தைத் தனித்தனி வீட்டுக் கதவுக்குள் பூட்டிவைப்பதைவிட, ஆண்டுக்கொரு நாள் வீதிக்குக் கொண்டுவந்து எல்லோரும் சேர்ந்து சுமப்பது மேலானது என்போம். ஆயின், வீதிக்கு வந்தது வருத்தந்தானா, வெறும் வாத்தியந்தானா என்பதை அவ்வூரார் அடிக்கடி சோதித்துக்கொள்ள வேண்டும்.

சிப்பாய்களின் உடையைப் பற்றி நெசவாளராகிய நாம் ஒரு வார்த்தை சொல்லாமல் போகலாமா? காக்கி என்பது தூசி நிறத்தைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல். அந்நிறம் வெளுக்காமல் நிற்கும்படி சாயமேற்றும் முறைக்கு 1884-இல் காப்புரிமை பெற்றவர் அக்ரிங்டனைச் சேர்ந்த பிரெடரிக் காட்டி. அதற்கும் முன்பே மங்களூரிலிருந்த பாசல் மிஷன் நெசவுசாலையில் காக்கிச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டது என்றும் சொல்வதுண்டு. எது முந்தியதாயினும், போர்க்களத்துக்கு நிறம் கொடுத்தது சாயப்பட்டறைதான்.

இப்போது அந்த ரெஜிமெண்டு பழைய பெயரில் இல்லை. 1968 ஏப்ரல் 23-ஆம் தேதி நான்கு ஃபியூசிலியர் ரெஜிமெண்டுகளை ஒன்றாக்கி ராயல் ஃபியூசிலியர் ரெஜிமெண்டு என்ற புதிய படையை அமைத்தார்கள். லங்காஷயர் பெயரைத் தாங்கிய அதன் நான்காம் பட்டாளமும் மறு ஆண்டே கலைக்கப்பட்டது. 2014-இல் இரண்டாம் பட்டாளமும் முதலாவதோடு சேர்க்கப்பட்டு, நிரந்தரப் பட்டாளம் ஒன்றே எஞ்சியது. நகரத்தின் கதியும் அதுதான். பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1974-இல் நகரசபையே பெரிய அமைப்பொன்றுக்குள் கரைந்தது. வெல்லிங்டன் முகாமும் போயிற்று. ஆலைச் சங்கு ஓய்ந்துவிட்ட ஊரில் ஆண்டுதோறும் ஒலிப்பது முரசு ஒன்றுதான். சங்கங்கள் இணைக்கப்படும்போது பழைய சங்கத்தின் பெயர்ப்பலகையை எங்கே வைப்பது என்று நம் அங்கத்தினர் வருந்துவதுண்டு. பெரி மக்கள் புதிய படையையே தம் படையாக ஏற்றுக்கொண்டு வழக்கத்தைக் காத்துவருகிறார்கள். 2009-இல் நகரின் நடுவே ஃபியூசிலியர் அருங்காட்சியகம் புதிய இடத்தில் திறக்கப்பட்டபோது, லட்யன்ஸின் தூணையும் பெயர்த்துவந்து அதன் அருகே ஒரு சிறு பூங்காவில் நிறுத்தினர்.

இவ்வுறவு பழங்கதையாகிவிடவில்லை என்பதை 2013-ஆம் ஆண்டு காட்டியது. அண்டையூரான மிடில்டனைச் சேர்ந்த முரசு வீரர் லீ ரிக்பி, அவ்வாண்டு மே 22-ஆம் தேதி லண்டனில் உல்விச் படைமுகாமின் அருகே வீதியில் படுகொலை செய்யப்பட்டார். ஜூலை 12-ஆம் தேதி அவருடைய இறுதி வழிபாடு பெரியின் மரியன்னை ஆலயத்தில் நடைபெற்றது. அணிவகுப்பைக் காண நிற்கும் அதே வீதியில் ஆயிரக்கணக்கானோர் நின்றார்கள். அன்று வாழ்த்தொலி இல்லை. படுகொலையைக் காரணம் காட்டி வெறுப்பை வளர்க்க வேண்டாம் என்று அவருடைய குடும்பத்தார் நாட்டை வேண்டிக்கொண்டிருந்தனர்.

அந்த ஆலயத்துக்குள் நெசவாளர் கண் முதலில் தேடுவது மேலே தொங்கும் படைக்கொடிகளை. ரெஜிமெண்டுக் கொடி பட்டினால் ஆனது. 1868 முதல் அதன் அளவு மூன்று அடி ஒன்பது அங்குலத்துக்கு மூன்று அடி. வென்ற போர்களின் பெயர்களை அதன்மேல் கையால் பின்னல் வேலை செய்வார்கள். கொடி பழசானால் அதைத் தூக்கி எறிவதுமில்லை, கிழிசலைத் தைத்துப் புதுக்குவதுமில்லை. பாண்டு வாத்தியத்தோடு ஊர்வலமாகக் கொண்டுவந்து, பாதிரியாரிடம் ஒப்படைத்து, ஆலயத்தில் தொங்கவிடுவார்கள். அதன்பின் அது அங்கேயே நைந்து உதிர வேண்டியது. பாவு நூல் முதலில் போகும். ஊடை சில காலம் தாங்கும். பின்னல் வேலையின் கனத்தால் பட்டு வரிவரியாகக் கிழியும். உதிர்வதைத் தாமதிக்க மெல்லிய வலைத்துணியில் சேர்த்துத் தைப்பதுண்டு. கலிப்போலி ஞாயிறன்று கீழே இளைய சிப்பாய்கள் வரிசையில் அமர்ந்திருக்க, மேலே இந்தப் பட்டுக் கந்தல்கள் தொங்குகின்றன. சிலவற்றில் போரின் பெயரைப் படிக்க முடிகிறது. சிலவற்றில் பின்னல் நூலின் தடம் மட்டுமே தெரிகிறது.